850 கமாண்டோ: என்ஜின் மவுண்டை மாற்றினால் ஆட்டமும் அதிர்வும் சேர்ந்து குறையுமா?

இசிப்பிங்கோ ரைடர்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது 1974 நார்ட்டன் கமாண்டோ 850. பக்கத்துத் தெரு அங்கிள் ஒருவர், இனி கிக் அடிக்க முழங்கால் ஒத்துழைக்காது என்று சொல்லி, போன வருடம் என்னிடம் விற்றார். பல வருடம் கராஜில் நின்ற வண்டி. கார்புரேட்டர், வயரிங் எல்லாம் பார்த்து, இப்போது ஞாயிறு காலைகளில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம், ஹில்கிரெஸ்ட் தாண்டி போத்தாஸ் ஹில், இன்சாங்கா வழியாகப் போகும் ஓல்ட் மெயின் ரோடு தெரியும் அல்லவா, காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடுகிறார்களே, அந்த ரோடுதான் எனக்கு வழக்கம்.

பிரச்சினை இதுதான். அந்த வளைவுகளில் 80, 90-ல் வண்டியைச் சாய்த்தால் முன்பக்கம் நான் சொன்ன இடத்துக்குப் போகிறது, பின்பக்கம் ஒரு நொடி கழித்துத்தான் வருகிறது. நடுவில் கீல் வைத்து மாட்டியது மாதிரி. N3 நெடுஞ்சாலையில் 110-ல் போகும்போது பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்தால், அந்தக் காற்றில் வண்டி மூன்று நான்கு தடவை நெளிந்துவிட்டுத்தான் அடங்குகிறது. அதோடு அதிர்வும் இருக்கிறது. கமாண்டோ 3,000 ஆர்.பி.எம்.-க்கு மேல் வெண்ணெய் மாதிரி ஓடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், என் வண்டியில் 4,000-லும் ஃபுட்ரெஸ்டில் கால் கூசுகிறது.

டயர் இரண்டும் புதிது, காற்று சரி. ஸ்டியரிங் ஹெட் பேரிங் மாற்றிவிட்டேன். பின் ஷாக் நன்றாக இருக்கிறது. இங்கே ஒரு வொர்க்ஷாப்பில் கேட்டேன், என்ஜின் மவுண்ட் ரப்பரை எடுத்துவிட்டுக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் கடைந்து போட்டால் இரண்டும் ஒன்றாகச் சரியாகிவிடும் என்றார்கள். செலவு பெரிதில்லை. ஆனால் கெட்டியாகப் போட்டால் அதிர்வு எப்படிக் குறையும் என்று மனது ஏற்கவில்லை. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

சாட்ஸ்வொர்த் தம்பி

அண்ணா, என் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ல் இதே மாதிரி ஒரு கூச்சம் இருந்தது. என்ஜின் மவுண்ட் போல்ட் எல்லாவற்றையும் தளர்த்தி, டார்க் ரெஞ்ச் வைத்து வரிசையாக இறுக்கினேன், பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு போல்ட் கையாலேயே திரும்பியது என்றால் பாருங்கள். புதிதாக ஒன்றும் வாங்குவதற்கு முன் முதலில் அதைச் செய்யுங்கள். யூரித்தேனும் நல்லதுதான் என்று நினைக்கிறேன், என் அண்ணன் பக்கியில் (பிக்கப் வண்டி) சஸ்பென்ஷனுக்குப் போட்டு நன்றாக இருக்கிறது.

டோங்காட் 850

தம்பி சொன்னது அவர் வண்டிக்குச் சரி. இன்டர்செப்டரில் என்ஜின் ஃப்ரேமோடு நேராக போல்ட் போட்டு இறுக்கப்பட்டது, உள்ளே குலுக்கலைச் சமன்செய்யும் பேலன்சர் ஷாஃப்ட் இருக்கிறது, கிராங்க் 270 டிகிரி, அதாவது இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி இறங்காது. அங்கே போல்ட் தளர்ந்தால் அதிர்வு வரும், இறுக்கினால் போகும். கமாண்டோ வேறு ஜாதி. அதைப் புரிந்துகொள்ளாமல் அதன் மவுண்டில் கை வைக்கக் கூடாது.

நான் 1976-லிருந்து ஒரு கமாண்டோ வைத்திருக்கிறேன், இன்னும் ஓட்டுகிறேன். அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

நார்ட்டனின் பழைய பேரலல் ட்வின்னில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வரும். பேலன்சர் எதுவும் கிடையாது. 500 சிசியில் ஆரம்பித்த என்ஜின் 750 ஆகி அட்லஸ் என்று வந்தபோது கையும் காலும் மரத்துப்போகும் அளவுக்கு அதிர்ந்தது. அதற்குத் தீர்வாகத்தான் 1967-ல் கமாண்டோவைக் காட்டினார்கள், அதில் வந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஐசோலாஸ்டிக். என்ஜின், கியர்பாக்ஸ், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்ம் மூன்றையும் ஒரே கட்டாகச் சேர்த்து, அந்தக் கட்டை முன்னால் ஒரு ரப்பர் மவுண்ட், பின்னால் ஒரு ரப்பர் மவுண்ட், மேலே என்ஜின் தலையைப் பிடிக்கும் ஹெட் ஸ்டெடி என்று மூன்று இடத்தில் ஃப்ரேமில் தொங்கவிட்டார்கள். ஸ்விங்கார்மும் அந்தக் கட்டிலேயே இருப்பதால் என்ஜின் எவ்வளவு குலுங்கினாலும் செயின் இழுப்பு மாறாது. அந்த வண்டி 1968 முதல் 1972 வரை ஐந்து வருடமும் பிரிட்டனின் மோட்டார் சைக்கிள் நியூஸ் வாசகர் ஓட்டில் முதலிடம் வாங்கியது. எனக்கு அதில் இன்றும் பெருமை உண்டு.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். பின் சக்கரம் ஃப்ரேமில் இல்லை, ரப்பரில் தொங்கும் கட்டில் இருக்கிறது. அந்தக் கட்டு பக்கவாட்டில் ஆடினால் பின் சக்கரமும் ஆடும். இசிப்பிங்கோ தம்பி எழுதிய அந்தக் கீல் அதுதான், வேறெங்கும் தேட வேண்டாம்.

ஆனால் என்ஜின் குலுங்குவது எந்தத் திசையில்? மேலும் கீழும், முன்னும் பின்னும். அதாவது சக்கரம் உருளும் அதே தளத்தில். பக்கவாட்டில் அது குலுங்குவதே இல்லை என்று சொல்லலாம். ஆகவே மேல்கீழாக ரப்பர் மெதுவாக இருக்க வேண்டும், பக்கவாட்டில் மட்டும் இடமே இல்லாமல் பிடித்திருக்க வேண்டும். ஐசோலாஸ்டிக்கின் சூட்சுமம் முழுவதும் இந்த ஒன்றில்தான். பக்கவாட்டுப் பிடிப்பைக் கொடுப்பது ரப்பர் அல்ல, மவுண்டின் இரண்டு முனையிலும் இருக்கும் பிளாஸ்டிக் வாஷரும் அதற்குப் பக்கத்தில் வைக்கும் மெல்லிய தகடான ஷிம்மும். அங்கே விடும் இடைவெளி 10 தவ் (ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது கால் மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதைக் குறைத்தால் பிடிப்பு கூடும், அதிர்வும் கொஞ்சம் கூடும். நான் 6 தவ்வில் வைத்திருக்கிறேன், என் கைக்கு அது பிடித்திருக்கிறது.

ஒரு காலத்தில் நானும் இறுக்கினால் நல்லது என்று நினைத்து இடைவெளியே இல்லாமல் ஷிம் போட்டேன். மவுண்ட் எட்ஜ்கம்ப் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் விரல் மரத்து, பின்விளக்கு பிராக்கெட் விரிசல் விட்டிருந்தது. மறுநாளே பிரித்தேன்.

பாலியூரித்தேன் போட வேண்டாம். முதலில் அளந்து பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, வீட்டில் யாரையாவது முன்பக்கத்தைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பின் சக்கர ரிம்மை மேலே பிடித்துப் பக்கவாட்டில் தள்ளி இழுங்கள். ஆட்டம் இருந்தால் அது எங்கே என்று விரல் வைத்துத் தேடுங்கள். சக்கர பேரிங்காக இருக்கலாம், ஸ்விங்கார்ம் புஷ்ஷாக இருக்கலாம், மவுண்டாகவும் இருக்கலாம். பிறகு மவுண்டின் ரப்பர் உறையை ஒதுக்கி, கட்டை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, மறுபக்க இடைவெளியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் இரண்டு அளவையும் இங்கே எழுதுங்கள், மேலே பேசலாம்.

லெனேசியா மெக்

டோங்காட் ஐயா சொன்னதற்குக் கணக்கையும் சேர்த்துவிடுகிறேன். கெட்டியாகப் போட்டால் அதிர்வு எப்படிக் குறையும் என்ற கேள்வி நல்ல கேள்வி, பதில் குறையாது என்பதுதான்.

ரப்பரில் தொங்கும் எந்த எடைக்கும் அதற்கென்று ஓர் இயல்பான ஆட்ட வேகம் உண்டு. ஊஞ்சல் மாதிரி. என்ஜின் அதே வேகத்தில் குலுக்கினால் ஆட்டம் பெருகும். அந்த வேகத்தைப் போல 1.4 மடங்குக்கு மேல் என்ஜின் சுற்றும்போதுதான் ரப்பர் அதிர்வைத் தடுக்கவே ஆரம்பிக்கிறது. அதற்குக் கீழே ரப்பர் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான், சில இடத்தில் இல்லாததைவிட மோசம்.

கணக்குக்காக உங்கள் கட்டின் இயல்பு வேகம் நொடிக்கு 20 ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். அது 1,200 ஆர்.பி.எம். அப்படியானால் 1,700-க்கு மேல் தடுப்பு தொடங்கிவிடும், 3,000-ல் மிக நன்றாக இருக்கும். இப்போது நான்கு மடங்கு கெட்டியான புஷ் போடுகிறீர்கள். கெட்டித்தன்மை நான்கு மடங்கானால் ஆட்ட வேகம் இரண்டு மடங்காகும். மோசமான குலுக்கல் 2,400-க்கு வந்துவிடும், தடுப்பு 3,400-ல்தான் தொடங்கும். ஊருக்குள் ரோபோவிலிருந்து (டிராஃபிக் சிக்னல்) ரோபோவுக்கு நீங்கள் ஓட்டும் வேகம் முழுவதும் அந்தக் குலுக்கலுக்குள் மாட்டிக்கொள்ளும். இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் வண்டியின் அளவு அல்ல. போகிற திசை மட்டும் மாறாது.

சாட்ஸ்வொர்த் தம்பியின் அண்ணன் பக்கியில் போட்டது சஸ்பென்ஷன் புஷ். அங்கே வேலையே ஒரு கையை அதன் இடத்தில் பிடித்து வைப்பது, அதனால் யூரித்தேன் பொருந்தும். இங்கே வேலை ஆட்டத்தை விழுங்குவது. கெட்டி புஷ் போட்டால் வளைவில் கொஞ்சம் உறுதி தெரியும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்த ஃப்ரேம், டேங்க், மட்கார்டு பிராக்கெட் எதுவும் அவ்வளவு குலுக்கலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதில்லை, வெல்டிங்கில் விரிசல் விடும்.

இன்னொன்றும் பாருங்கள். நிறைய வருடம் நின்ற வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். ரப்பர் நின்றாலும் வயதாகும். எண்ணெய் பட்ட பக்கம் ஊதி மெத்தென்று ஆகும், வெயிலும் காற்றும் பட்ட பக்கம் கெட்டிப்பட்டு வெடிக்கும். பல வருடம் ஒரே நிலையில் எடையைத் தாங்கி ஒரு பக்கமாக அமுங்கியும் போயிருக்கும். அமுங்கிய ரப்பரில் நடு இரும்பு வெளிக்குழாயைத் தொட்டால் 4,000-லும் கால் கூசும், ஏனென்றால் இரும்பும் இரும்பும் தொடும் இடத்தில் ரப்பருக்கு வேலை இல்லை. நகக்கண்ணால் அழுத்திப் பாருங்கள். புதிய ரப்பர் உள்ளே போய்த் திரும்பி வரும், செத்த ரப்பர் கல் மாதிரி இருக்கும் அல்லது தூளாக உதிரும்.

மாரிட்ஸ்பர்க் டூரர்

நான் கமாண்டோ ஆள் இல்லை, 2007 ஹார்லி ரோட் கிங் ஓட்டுகிறேன். ஆனால் கதை ஒன்றேதான் என்பதால் எழுதுகிறேன். ஹார்லி 1980-ல் டூர் கிளைடில் என்ஜினை ரப்பரில் வைக்க ஆரம்பித்தது. அதிலும் ஸ்விங்கார்ம் கியர்பாக்ஸோடுதான் மாட்டப்பட்டிருக்கிறது, அதிலும் பக்கவாட்டு ஆட்டம்தான் எதிரி. அதைப் பிடிக்க இரண்டு முனையிலும் பந்து மூட்டு உள்ள சிறிய கம்பிகளை என்ஜினுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே குறுக்காகப் போட்டிருக்கிறார்கள். என்ஜின் மேல்கீழாகத் துள்ளலாம், பக்கவாட்டில் போக முடியாது.

என் வண்டியும் வான் ரீனன் மலைப்பாதை இறக்கத்தில் நெளிந்தது. நான் அவசரப்பட்டு முன் மவுண்டுக்குக் கெட்டியான ஒன்றை வாங்கிப் போட்டேன். நெளிவு பாதி குறைந்தது, ஆனால் கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா காரா என்று தெரியாத அளவுக்கு நடுக்கம். ஹாரிஸ்மித் போய்ச் சேர்ந்தபோது தோள்பட்டை வலித்தது. அதைக் கழற்றிவிட்டு வழக்கமான ரப்பரையே புதிதாகப் போட்டு, அந்தக் குறுக்குக் கம்பிகளின் தேய்ந்த மூட்டுகளை மாற்றி, எல்லா மவுண்ட் போல்ட்டையும் தளர்த்தி என்ஜின் தானாக உட்கார்ந்த பிறகு இறுக்கினேன். இரண்டும் ஒன்றாகச் சரியானது. பழையது செத்திருந்தால் புதிய சாதாரண ரப்பரே பெரிய அப்கிரேடுதான்.

கமாண்டோவுக்கும் ஹெட் ஸ்டெடியில் ரப்பருக்குப் பதிலாக அந்த மாதிரி மூட்டுக்கம்பி கிடைக்கிறது என்று கேள்விப்பட்டேன். ஐயா, அது நல்லதா?

டோங்காட் 850

நல்லது. ரோஸ் ஜாயிண்ட் வைத்த குறுக்குக் கம்பி. பழைய ஹெட் ஸ்டெடி ரப்பர்கள் எல்லாத் திசையிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், இந்தக் கம்பி பக்கவாட்டை மட்டும் பிடித்து மற்றதை விட்டுவிடும். இந்த வண்டிக்குப் பணம் செலவழித்து ஏதாவது மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் அதைச் சொல்வேன். இரண்டாவதாக வெர்னியர் அட்ஜஸ்டர். 1975-ல் வந்த மார்க் 3-ல் கம்பெனியே ஷிம்மை எடுத்துவிட்டு மரை திருகிச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைக் கொடுத்தது, பழைய வண்டிக்கும் அதை மாட்டலாம். அதிர்வு அதனால் குறைந்துவிடாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் மவுண்டைப் பிரித்து ஷிம் தேடும் வேலை மிச்சம், அதனால் ஆள் ஒழுங்காகச் சரிபார்ப்பான். பின் மவுண்டில் ஷிம் போட்ட அனுபவம் உள்ளவனுக்கு அதன் அருமை தெரியும்.

இசிப்பிங்கோ ரைடர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று சாயங்காலம் என் மகனை முன்னால் பிடிக்கச் சொல்லி எல்லாம் பார்த்தேன். அளவுகள்:

முன் மவுண்ட் 0.9 மி.மீ. பின் மவுண்ட் 0.6 மி.மீ. கால் மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடம்! முன் மவுண்டில் ஒரு பக்கம் பிளாஸ்டிக் வாஷரே காகிதம் மாதிரி தேய்ந்துவிட்டது, உறைக்குள் துரு. ஹெட் ஸ்டெடியில் ஒரு ரப்பர் இரண்டாகப் பிளந்து சும்மா உட்கார்ந்திருந்தது, கையில் எடுத்தபோது பாதி தனியாக வந்தது. லெனேசியா அண்ணா சொன்னபடி நகக்கண் வைத்துப் பார்த்தேன், முன் ரப்பர் கல்தான். பிரைமரி செயின் உறையிலிருந்து ஒழுகிய எண்ணெய் பின் மவுண்ட் வரை போயிருக்கிறது.

அதோடு இன்னொன்று. மவுண்டில் விரல் வைத்துக்கொண்டு சக்கரத்தைத் தள்ளும்போது, மவுண்ட் அசையாமலே சக்கரம் மட்டும் கொஞ்சம் அசைவது மாதிரி தெரிகிறது. சக்கர பேரிங்கில் ஆட்டம் இல்லை. அது என்ன?

டோங்காட் 850

ஸ்விங்கார்ம் அச்சு. நான் பயந்தது அதுதான். 850-ல் மார்க் 3-க்கு முந்தையவற்றில் அந்த அச்சை நடுவில் ஒரே ஒரு போல்ட்தான் பிடிக்கிறது. காலப்போக்கில் அது உட்கார்ந்திருக்கும் குழாய் தேய்ந்து, அச்சு உள்ளே ஆட ஆரம்பிக்கும். மார்க் 3-ல் இதற்காகவே அச்சை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு காட்டர் பின் வைத்தார்கள். உங்கள் வண்டிக்கு, தேர்ந்த வெல்டர் ஒருவரிடம் கொடுத்து, அந்தக் குழாயில் இரண்டு பக்கமும் ஒரு நட்டு வைத்து வெல்ட் செய்து, போல்ட் போட்டு அச்சை இறுக்கிப் பிடிக்க வைக்கலாம். பல பேர் செய்த பழைய வைத்தியம், நம்பிச் செய்யலாம்.

இன்னொன்று, யாராவது அதில் கிரீஸ் அடித்து வைத்திருந்தால் சுத்தமாகக் கழுவி எடுங்கள். அந்த வெண்கலப் புஷ் எண்ணெயில் ஓட வேண்டியது, கெட்டியான 140 கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் புஷ்ஷுக்குள் போகாமல் வெளியே நிற்கும், உள்ளே காய்ந்து தேயும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் அச்சு. பிறகு மவுண்ட் ரப்பரும் வாஷரும், இங்கிலாந்திலிருந்து ஆண்டோவர் நார்ட்டன் பாகமே வரவழையுங்கள், கஸ்டம்ஸ் கட்டினாலும் பரவாயில்லை. ரப்பரைக் குழாய்க்குள் ஏற்றும்போது கிரீஸோ என்ஜின் ஆயிலோ தடவாதீர்கள், பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் போதும். கடைசியாக ஹெட் ஸ்டெடி. எல்லாம் மாட்டிய பிறகு சைலன்சர் எங்கேயாவது ஃப்ரேமைத் தொடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். சைலன்சரும் ரப்பரில்தான் தொங்க வேண்டும், ஒரே ஒரு இடத்தில் இரும்பு இரும்பைத் தொட்டாலும் செய்த வேலை அத்தனையும் காலில் கூசும்.

சாட்ஸ்வொர்த் தம்பி

நான் சொன்ன யூரித்தேன் யோசனையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் அண்ணா. ஐயா, இதையெல்லாம் எங்களுக்கு ஒரு நாள் நேரில் காட்ட முடியுமா?

இசிப்பிங்கோ ரைடர்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், பார்சல் வர அவ்வளவு நாள் ஆனது.

அச்சுக்கு இரண்டு பக்கமும் நட்டு வெல்ட் செய்தாயிற்று. மவுண்ட் இரண்டிலும் புதிய ரப்பர், புதிய வாஷர். முன்னால் 8 தவ், பின்னால் 8 தவ் வைத்தேன், ஷிம்தான், வெர்னியர் பிறகு பார்க்கலாம். பின் மவுண்டுக்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது, ஐயா ஏன் அப்படி எழுதினார் என்று அன்றைக்குப் புரிந்தது. ஹெட் ஸ்டெடிக்கு மூட்டுக்கம்பி. சைலன்சர் வலது பக்கம் ஒரு பிராக்கெட்டை உரசிக்கொண்டிருந்தது, அதையும் விலக்கினேன்.

போன ஞாயிறு போத்தாஸ் ஹில் போனேன். ஒரே வண்டியாக வளைகிறது. முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து சாய்கின்றன, வளைவின் நடுவில் ஒரு பள்ளத்தில் இறங்கியபோதுகூட கோடு மாறவில்லை. திரும்பி வரும்போது N3-ல் 110-ல் லாரி கடந்தது, ஒரு தள்ளு, அவ்வளவுதான், நெளிவு இல்லை. 2,000-ல் வண்டி இன்னும் குலுங்குகிறது, நின்றால் முன் சக்கரம் துள்ளுகிறது. 2,800 வாக்கில் யாரோ சுவிட்ச் போட்ட மாதிரி எல்லாம் அடங்கிவிடுகிறது. 4,000-ல் கால் கூசவே இல்லை. இறங்கி நின்று கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். விற்ற அங்கிளிடம் போய்ச் சொன்னேன், பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார்.

2,000-ல் குலுங்குவது இயல்புதானே?

லெனேசியா மெக்

இயல்புதான். அங்கேதான் ரப்பரின் இயல்பு வேகத்தை என்ஜின் தாண்டிப் போகிறது. கியரைக் குறைத்து 3,000-க்கு மேல் வைத்து ஓட்டுங்கள், அந்த என்ஜினுக்கும் அதுதான் பிடிக்கும்.

டோங்காட் 850

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. புதிய ரப்பரும் வாஷரும் உட்காரக் கொஞ்சம் ஓட வேண்டும், அதனால் 800 கி.மீ. ஆனதும் மறுபடி ஃபீலர் கேஜ் வையுங்கள், 10 தவ்வைத் தாண்டியிருந்தால் ஒரு ஷிம் சேருங்கள். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை போதும். வெல்ட் செய்த இடத்தில் நட்டு தளர்கிறதா என்றும் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் தம்பி கேட்டிருந்தார். அடுத்த மாதம் முதல் ஞாயிறு என் முன் மவுண்டைப் பிரிக்கப்போகிறேன். வருகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் டோங்காட் வந்துவிடுங்கள், மதியச் சாப்பாடு வீட்டில். ஃபீலர் கேஜ் மட்டும் யாராவது ஒன்று கூடுதலாகக் கொண்டுவாருங்கள், என்னுடையதில் மெல்லிய தகடுகள் வளைந்துவிட்டன.